வலி தணிக்கும் மருந்தும் செவிலியர் பணியும்

(வைகை அணையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் துணையால் படித்து முன்னேறியோருள் செவிலியரும் உளர். அப்பயிற்சியை நாடும் இளைஞரும் இவ்வவையில் உள்ளனர். அவர்களை முன்னிட்டே மார்பின் என்னும் மருந்தைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம்.

மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் கசகசாச் செடியைப் பயிரிட்டு அபினி எடுக்கின்றனர். நீமச், காசிப்பூர் ஆகிய ஊர்களில் அரசு ஆலைகள் உள்ளன. நம் நாட்டிலேயே விளைந்தும் நம் நோயாளிக்கு அது எட்டவில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் உரிமச் சிக்கல்களுக்கு அஞ்சி, மருத்துவமனைகள் பல அதனைக் கைவிட்டன. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். இராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய நோய்த் தணிப்புச் சங்கம் வேறு வழி காட்டியது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது.

எனினும் கம்பம் பள்ளத்தாக்கில் 'போதை' என்ற சொல்லைக் கேட்டாலே கஞ்சா வழக்கும் காவல் நிலையமுமே நினைவுக்கு வருகின்றன. மாத்திரையைப் பெற்றும் அஞ்சிப் பெட்டியில் பூட்டி வைப்போரை நாம் கண்டிருக்கிறோம். மருத்துவர் எழுதிய சீட்டை மாத்திரையுடனேயே வைத்திருங்கள், அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதி முதல் இவ்வகை மருந்துகள் சாதாரண வலிகளுக்கும் வரைமுறையின்றி வழங்கப்பட்டுப் பெருங்கேடு விளைந்தது உண்மையே. புற்றுநோய் வலிக்கு அளந்து கொடுத்துக் கண்காணிப்பது வேறு.

வீடுகளில் இம்மருந்து இடையில் நின்றுபோவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று மலச்சிக்கல். மார்பின் குடலின் அசைவை மந்தப்படுத்துகிறது. நீர் வற்றி மலம் இறுகுகிறது. தூக்க மயக்கம் சில நாள்களில் குறையும். குமட்டலும் பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரங்களில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் மருந்து உள்ளவரை தொடரும். ஆதலின் மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். பிசகோடில், நிலவாகை போன்றவை குடலைத் தூண்டுவன. நம் திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலவாகை அச்சீமையின் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படுகிறது. இசப்கோல் இங்கே உதவாது. போதிய நீர் பருக இயலாதவர்க்கு அதுவே அடைப்பாகிவிடும். மூன்று நாள் மலம் கழியாவிடில் மருத்துவரிடம் கூறி, விரலால் சோதித்தல், எனிமா முதலியவற்றை முறைப்படி செய்ய வேண்டும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர் கசிவதைக் கண்டு வயிற்றுப்போக்கு எனக் கருதி, அதை நிறுத்தும் மாத்திரையைக் கொடுப்பது பெருந்தவறு.

இங்கே நம் இளைஞர் ஒரு கேள்வி கேட்பர். மலம் அள்ளும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் தலையில் சுமத்தினார்களே, படித்துப் பட்டம் பெற்ற பின்னும் அதையா பார்ப்பது என்று. நியாயமான கேள்வி. நாடி, வெப்பம் ஆகியவற்றைக் குறிப்பது போன்று மலம் கழிந்த நாளைக் குறிப்பதும் கல்வியால் வரும் அறிவு. அதற்குப் பதவியும் ஊதியமும் உண்டு. சாதியின் பெயரால் சுமத்தப்பட்டது வேறு. வார்டுகளில் இப்பணியைத் துப்புரவுப் பணியாளரிடம் தள்ளிவிட்டு, செவிலியர் கேளாதிருக்கும் வழக்கமும் உண்டு. துடைப்பவர் நம்மவர், எழுதுபவர் எவரும் இல்லை. நோயாளியும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. குறிப்பில் இல்லாததை மருத்துவர் அறிவதும் இல்லை. நம் பிள்ளைகள் கூச்சமின்றிக் கேட்டு, தம் கையாலேயே எழுத வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானது மூச்சு மந்தமாதலே. எழுப்பினும் விழிக்காத உறக்கம், சுருங்கிய கண்மணி, நிமிடத்திற்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு ஆகியவற்றைக் கண்டால் அடுத்த வேளையைக் கொடாது மருத்துவரை அழைக்க வேண்டும். மாற்று மருந்தாகிய நலாக்சோன் ஊசி உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு மார்பின் உடலில் தங்கும்; தசை துடித்தல் அதன் அறிகுறிகளுள் ஒன்று. மருந்தைப் பல நாள் உண்டவர் திடீரென நிறுத்தலாகாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

வீட்டிலுள்ளோர்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மருந்து கொடுத்த நேரம், வலியின் அளவு, மலம் கழிந்த நாள், உறக்கம் என நான்கு கட்டங்கள் இட்டுக்கொள்ளுங்கள். க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்போதும், வீட்டிற்குச் செவிலியர் வரும்போதும் அதைக் காட்டுங்கள். மாதிரித் தாள்கள் வாயிலருகே மேசைமேல் உள்ளன.