சிறிய நசுங்கலும் காப்புறுதிக் கணக்கும்



ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் மாட்டு வண்டியும் கைரிக்‌ஷாவும் ஓடிய காலத்தில் போடப்பட்டவை. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அவற்றை இடித்து அகலமாக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அந்தத் தெருக்களில்தான் இன்று நாம் கார் ஓட்டுகிறோம். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் லெபோ பாசார் பக்கம் காரை நிறுத்தி, அதைக் கீறல் இல்லாமல் வெளியே எடுத்து வந்தவர் கெட்டிக்காரர்தாம். ஐந்தடிப் பாதையின் தூணில் பம்பர் உரசும். பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி கதவில் கோடு கிழிக்கும்.

அவ்வாறு நேர்ந்தவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கிறதே, அதில் எடுத்தால் என்ன?" என்பது. நியாயமான கேள்விதான். ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம். தேவைப்படும்போது எடுக்காமல் வேறு எதற்குக் கட்டுவது? ஆயினும் இதற்கு விடை சொல்லுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் என்.சி.டி. என்று ஒன்று உண்டு. கோரிக்கை எதுவும் செய்யாமல் ஓட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தரப்படும் கழிவு அது. தனியார் காருக்கு முதல் ஆண்டில் கழிவு இல்லை. கோரிக்கையின்றி ஓர் ஆண்டு கழிந்தால் 25 விழுக்காடு. இரண்டாண்டு ஆனால் 30. மூன்றாண்டுக்கு 38.33. நான்காண்டுக்கு 45. ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனால் 55 விழுக்காடு. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து முழுமையான காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆனால் இந்தக் கழிவுப் படிகள் மட்டும் மாறவில்லை.

ஒரே ஒரு கோரிக்கை செய்தாலும் இந்தக் கழிவு முழுதும் போய்விடும். பிரிட்டனில் ஒரு கோரிக்கைக்குச் சில படிகள் மட்டும் இறக்கிவிடும் வழக்கம் உண்டு. இங்கே அப்படி இல்லை. பரமபதத்தில் பெரிய பாம்பின் வாயில் விழுந்தவனைப்போல அடிக்கட்டத்திற்கே வந்துவிடுகிறோம். கோரிய தொகை 500 வெள்ளியா, 15,000 வெள்ளியா என்ற பேதமும் கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். ஜெலுத்தோங்கில் இருக்கும் ஓர் ஆசிரியர் 55 விழுக்காட்டுக் கழிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய காருக்குக் கழிவுக்கு முந்திய அடிப்படைக் கட்டணம் 1,500 வெள்ளி. கழிவு போக அவர் கட்டுவது 675 வெள்ளி. பம்பரைத் தட்டிச் சாயம் அடிக்கப் பட்டறைக்காரர் 900 வெள்ளி கேட்கிறார். ஆசிரியர் அதைக் காப்புறுதியில் கோரிவிட்டார். மறு ஆண்டு அவர் முழு 1,500 வெள்ளி கட்ட வேண்டும். அதாவது 825 வெள்ளி அதிகம். அதற்கடுத்த ஆண்டு 450 அதிகம். பிறகு 375, பிறகு 250, பிறகு 150. ஆறாம் ஆண்டில்தான் பழைய 55 விழுக்காட்டைத் தொடுகிறார். கூட்டினால் 2,050 வெள்ளி. 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு. அதையும் சேர்த்தால் 2,200 வெள்ளிக்கு மேல். 900 வெள்ளியைப் பெறுவதற்கு 2,200 வெள்ளி கொடுத்திருக்கிறார்!

உங்கள் கார் வேறு, கட்டணம் வேறு. அதனால் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 55 விழுக்காட்டில் இருப்பவர் ஒரு கோரிக்கையால் இழப்பது, அடிப்படைக் கட்டணத்தைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம். "எனக்குக் கழிவே இல்லை, முதல் ஆண்டுதானே, இழக்க என்ன இருக்கிறது?" என்று இளைஞர்கள் நினைப்பதுண்டு. அதுவும் சரியன்று. அவர் ஏறவேண்டிய படிகளெல்லாம் ஓராண்டு தள்ளிப்போகின்றன. அந்த ஐந்தாண்டு வேறுபாட்டைக் கூட்டினால் அடிப்படைக் கட்டணத்தில் 55 விழுக்காடு வருகிறது. 1,500 வெள்ளிக் கட்டணமானால் 825 வெள்ளி. இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை; போட்டால் வியப்படைவார்கள்.

இழப்பு இதோடு முடிவதில்லை. சொந்தச் சேதத்திற்குக் கோரிக்கை செய்யப் போலீஸ் புகார் வேண்டும். தூணில் மோதியது நீங்களே என்றால், கவனக்குறைவுக்காகச் சம்மன் வரலாம். கார் ஐந்தாண்டைக் கடந்ததாயின், புதிய பாகத்தின் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காட்டில் தொடங்கிப் பத்தாண்டு ஆன வண்டிக்கு 40 விழுக்காடு வரை அது போகும். ஓட்டியவர் 21 வயதுக்குக் குறைந்தவராகவோ, 'பி' லைசென்ஸ் உள்ளவராகவோ, பாலிசியில் பெயர் குறிக்கப்படாதவராகவோ இருந்தால், முதல் 400 வெள்ளி நம் கையிலிருந்துதான். மகன் புதிதாக 'பி' எடுத்திருக்கும் வீடுகளில் இதை நினைவில் வைப்பது நல்லது.

இதுவரை சொன்னது தவறு நம்முடையதாக இருக்கும்போது. தவறு மற்றவருடையதாக இருந்தால் கதை முற்றிலும் வேறு. ஜாலான் பர்மாவில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறீர்கள். பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். அப்பொழுது நம் சொந்த நிறுவனத்திடமே கோரலாம். நம் கழிவு குறையாது. தவறு மற்றவருடையது என்று போலீஸ் விசாரணை முடிவு சொல்ல வேண்டும். அவருடைய வண்டி எண் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய காப்புறுதி நிறுவனத்திடமே நேரில் கோரும் வழியும் உண்டு. அவ்வழியில், பழுதுபார்க்கும் நாள்களில் கார் இல்லாமல் இருந்ததற்கும் ஈடு கேட்கலாம். இவ்வளவு இருக்க, கழிவு போய்விடுமே என்று அஞ்சித் தம் கைப்பணத்தைச் செலவழிப்போரும் இருக்கிறார்கள். அது வீண் பயம். ஆனால் நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டால், எண் தெரியாதவரை அது சொந்தச் சேதமே. கண்ணாடித் துடைப்பானில் தம் தொலைபேசி எண்ணைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் வாழ்க!

முன்கண்ணாடிக்கும் தனி விதி. அதற்கெனக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்திருந்தால், கண்ணாடிக்காகக் கோருவதால் கழிவு கெடுவதில்லை. லாரி தெறித்த கல்லில் கண்ணாடி விரிந்தவர்கள் தயங்காமல் கோரலாம்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறேன். கோருவதில்லை என்று முடிவு செய்வது வேறு. புகார் செய்யாமல் இருப்பது வேறு. சாலையோரத்தில் நின்று, "200 வெள்ளி கொடுங்கள், முடித்துக்கொள்வோம்" என்று பேசி, கைகுலுக்கிப் பிரிகிறோம். மறுநாள் அவர் மனம் மாறிப் போலீஸில் புகார் கொடுத்தால் நம் கையில் என்ன இருக்கிறது? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் விபத்தை 24 மணி நேரத்திற்குள் போலீஸுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. காப்புறுதிப் பத்திரமோ 7 நாளுக்குள் நிறுவனத்திற்கு அறிவிக்கச் சொல்கிறது. மருத்துவமனையில் கிடப்பவருக்கு 30 நாள் வரை தவணை உண்டு. அறிவிக்கும்போதே "தகவலுக்காக மட்டும், கோரிக்கை இல்லை" என்று எழுதலாம். அதனால் மட்டும் கழிவு போகாது. அறிவிக்காமல் விட்டுப் பிறகு மற்றவர் நம்மீது கோரிக்கை கொண்டுவந்தால், நிறுவனம் நம்மைக் கைவிட அதுவே காரணமாகலாம். மற்றவர் நம் பாலிசியில் பெற்றுக்கொண்டால், நாம் ஒரு காசும் வாங்காமலே நம் கழிவும் போய்விடும்.

மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கீழே விழுந்து, முழங்கால் சிராய்ப்போடு எழுந்து, "பரவாயில்லை அண்ணே" என்று சொல்லிப் போனாலும் புகார் செய்தே தீர வேண்டும். சிராய்ப்பு என்று நினைத்தது எலும்பு முறிவாக மாறக்கூடும். வழக்குப் போட அவருக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. மற்றவர் உடலுக்கு நேரும் தீங்கிற்கு நம் காப்புறுதி வரம்பின்றிப் பொறுப்பேற்கிறது. அந்தப் பாதுகாப்பை 200 வெள்ளிச் சமரசத்திற்காக ஆட்டங்காண விடலாமா? சம்மனுக்குப் பயந்து புகார் செய்யாதவர்கள் இந்த இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கணக்கு தலைகீழாகிற இடமும் ஒன்று உண்டு. வயது முதிர்ந்த ஒருவர், கண் பார்வை மங்கிவிட்டது, இந்த ஆண்டோடு காரை விற்றுவிட்டு மகள் வீட்டிற்குப் போகப் போகிறேன் என்கிறார். அவர் சேர்த்து வைத்த 55 விழுக்காடு இனி அவருக்குப் பயன்படாது. கதவில் விழுந்த நசுங்கலுக்கு 700 வெள்ளி ஆகும் என்றால், அவர் தாராளமாகக் கோரிச் சரிசெய்து, நல்ல விலைக்கு விற்கலாம்.