கைக்கு வருமுன்னே
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் இல்லங்களின் அமைதியைக் குலைக்கும் ஒரு காரியத்தைச் சிந்திப்பது நலம். உயிரைப் பணயம் வைத்துக் கடலில் உழைக்கும் நாம், உழைத்த பணத்தை வீடு கொண்டுசேர்க்க ஏன் தடுமாறுகிறோம்?

கடலில் பாடு ஒரே சீராக இருப்பதில்லை. பல நாள் வெறும் வலை. ஒரு நாள் வள்ளம் நிறைய மீன். 'நாளைக்குக் கிடைக்கும்' என்னும் நம்பிக்கையே நம்மைத் தொழிலுக்கு அனுப்புகிறது. அதே நம்பிக்கை சூதாட்டத்தில் கண்ணியாகிவிடுகிறது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளை 1957-இல் வெளியிட்டனர். கொத்தும்போதெல்லாம் இரை பெற்ற புறா, இரை நின்றதும் விரைவில் ஓய்ந்தது. எப்போதாவது ஒருமுறை பெற்ற புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை செய்யப்பட்டது. களியக்காவிளை தாண்டினாலோ, 1967-இல் தொடங்கிய கேரள அரசு லாட்டரி இன்றும் விற்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் மட்டும் போதுமா?

மன உறுதி இல்லாதவன் என்று ஒருவனை ஏசுவதாலும் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்பவர் சிறு பிள்ளைகளுக்குத் தின்பண்டம் காட்டி, பொறுத்திருந்தால் அதைவிட நல்லது தருவதாகச் சொன்னார். பண்டம் கண்முன் இருந்தபோது பிள்ளைகளால் பொறுக்க முடியவில்லை. மறைத்து வைத்தபோது வெகுநேரம் பொறுத்தனர் என்று 1970-இல் எழுதினார்.

இந்த உண்மை நம் மீனவர் சங்கங்களில் நடைமுறையாகவே இருக்கிறது. 1980-இல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கங்களில், கரையிலேயே மீன் ஏலம் போகிறது. கடனுக்கும் சேமிப்புக்கும் ஒரு பங்கு பிடித்த பின்னரே மீதி கைக்கு வருகிறது. பாடு மிகுந்தால் பிடித்தமும் மிகும். பாடு இல்லையேல் பிடித்தமும் இல்லை. கையில் வராத பணத்தைச் சூதில் விடுவது எப்படி?

மேலும், மதுக்கடைக்கு நம்மில் பலர் தனியாகப் போவதில்லை. கூட்டாளி அழைத்தே போகிறோம். அப்படியானால் சேமிக்கவும் கூட்டாளி வேண்டும். ஒரே வள்ளத்தில் போகிறவர்கள் சேர்ந்து முடிவெடுத்தால், ஒருவன் தளரும் நாளில் மற்றவர் தாங்குவார்கள்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு அன்பியமும் கூடிப் பேசட்டும். ஏலப் பணத்தில் வீட்டுக்கு எவ்வளவு, பிள்ளைகள் படிப்புக்கு எவ்வளவு என்று பணம் வருமுன்னே தீர்மானிப்போம். அந்தப் பங்கை மனைவியின் கணக்கில் முதலில் சேர்ப்போம். அடகுக் கடையில் இருக்கும் நம் பெண்களின் தாலிச் சங்கிலிகள் அடுத்த திருவிழாவுக்குள் வீடு திரும்பட்டும்.