தீயணைப்புப் படைக்கும் ஒரு தேர்வு



தேர்வு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே உங்களுள் பலருக்கு மனம் கலங்கும் என்பதை நான் அறிவேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேர்வு நடத்தியவன் நான். ஆண்டுதோறும் பள்ளியை மதிப்பிட வந்த ஆய்வாளர்களின் முன் பதிவேடுகளுடன் நின்றவனும் நானே. ஆதலால் மதிப்பிடுவோர் மனமும் மதிப்பிடப்படுவோர் மனமும் எனக்கு ஓரளவு பழக்கமானவை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தீயணைப்புப் படையினர் எழுத வேண்டிய தேர்வு. அவர்களுடைய பணி செவ்வனே நடைபெறுகின்றதா என்பதை எவ்வாறு கண்டறிவது? அம்மதிப்பீட்டை எப்போது செய்வது, யார் யாரைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்வது? கேள்வி எளியதாகத் தோன்றும். சேர்வராயன் மலையில் நிறுத்திப் பார்த்தால் அதன் கடுமை புலப்படும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. சேர்வராயன் கோயில் கொண்டுள்ள உச்சி 1,623 மீட்டர். மேலே காப்பித் தோட்டங்களும், மிளகுக் கொடி படர்ந்த நிழல் மரங்களும், காலைப் பனியும் இருக்கின்றன. அங்கே நிற்பவனுக்குத் தீயின் நினைவே வாராது. சுற்றுலா வருவோர் கண்டு மகிழ்வது இந்த மேற்பகுதியைத்தான். தீயின் இருப்பிடமோ அடிவாரத்திலும் நடுச்சரிவிலும் உள்ளது. மூங்கிலும் இலையுதிர் மரங்களும் நிறைந்த அக்காடு மாசி மாதத்தில் வெறுமையாகிவிடும். பங்குனி, சித்திரையில் தரையெங்கும் சருகு. இடையிடையே காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும். நம் நாட்டுக் காடுகளில் தீ தானாக மூளுவது அரிது. மலைப்பாதையோரம் எறியப்பட்ட பீடித் துண்டோ, சமைத்துவிட்டு அணைக்காமல் சென்ற அடுப்போ போதும்.

பற்றிய தீ சமவெளியில் நடந்தால் மலையில் ஓடும். சரிவின் கீழே எரியும் தழல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகின்றது. சரிவு 10 பாகை கூடினால் தீ ஏறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத்தீயை ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதன் களைத்துப் போவான். தீயோ மேலே செல்லச் செல்ல வேகம் கொள்ளும். மலைத்தீயில் உயிர்கள் மாள்வதற்கு இந்த ஒரு வேறுபாடே பெரிதும் காரணமாகின்றது.

இனி, மதிப்பீட்டிற்கு வருவோம். நகரத்தில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு: நேரம். அழைப்பு வந்த நேரம், வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்ட நேரம், இடத்தை அடைந்த நேரம். மத்திய அரசுக்கு ஆலோசனை கூறும் நிலைத்த தீயணைப்புக் குழு, நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடத்திற்குள்ளும், ஊர்ப்புறத்தில் 20 நிமிடத்திற்குள்ளும் வண்டி போய்ச் சேரவேண்டும் என்று நெறி வகுத்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு இந்த அளவுகோல் பொருந்தும். ஏற்காட்டு மலைக்கு? நிலையம் மலைமேலேயே இருந்தாலும், வண்டி சாலை முடியும் இடம் வரைதான் செல்லும். அதற்கப்பால் கால்நடையே. கீழிருந்து துணை வண்டி வரவேண்டுமானால் 20 வளைவுகளும் குறுக்கே நிற்கின்றன. அந்நெறியில் எழுதிய நிமிடக் கணக்கை வைத்து அந்த நிலையத்து வீரர்களுக்கு மதிப்பெண் குறைத்தால், அது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ‘மலைதானே’ என்று அளவுகோலையே எடுத்து எறிந்துவிட்டால், அது மலைமக்களுக்கு இழைக்கும் அநீதி.

அணைத்த தீக்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது மிகவும் ஏமாற்றும் கணக்கு. தீயே மூளாதபடி மக்களைப் பழக்கிய நிலையத்திற்கு அக்கணக்கில் சுழியம்தான் கிடைக்கும். மேலும், நம் மாநிலத்தில் அத்துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் வீழ்ந்த மாட்டைத் தூக்குவதும், வீட்டினுள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், மலைப்பாதையில் கவிழ்ந்த காரிலிருந்து மனிதரை மீட்பதும் அவர்கள் கடமையே. காட்டுத்தீயோ பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பு. அங்கே தண்ணீர்க் குழாய்க்கு வேலை குறைவு. பச்சைத் தழையால் அடித்து அணைப்பர். முன்னதாகவே சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டி வைப்பர். வனத்துறை எரிந்த பரப்பை எக்டேரில் எழுதுகின்றது. தீயணைப்புத் துறை அழைப்புகளையும் காத்த உடைமையையும் எழுதுகின்றது. இரு பதிவேடுகளிலும் பிழை இராது. ஆயினும் இரண்டிற்கும் இடையே உள்ள வெற்றிடத்தை எந்தப் பதிவேடும் காட்டாது.

அவ்வெற்றிடம் எத்தகையது என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. உதவி கேட்டுத் தந்தி பறந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் இரயிலேறி விரைந்தன. வீரர்களின் துணிவிலும் பயிற்சியிலும் குறையில்லை. வந்து குழாயை எடுத்து மாட்டினால், அது பால்டிமோர் நகரத் தெருக்குழாயில் பொருந்தவில்லை! ஊருக்கு ஊர் இணைப்பு வளையத்தின் மரை வேறு வேறாக இருந்தது. பல படைகள் கையிலே குழாயை வைத்துக்கொண்டு திகைத்தன. சுமார் 30 மணி நேரம் எரிந்து, 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் அப்படைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்வு செய்திருந்தால் எல்லாப் படைகளும் தேறியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். எவரும் தேர்வு செய்யாதது அந்த இணைப்பு வளையத்தை.

சேர்வராயன் மலையிலும் இணைப்பு வளையங்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத வளையங்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எரியும் இடத்தைக் கண்டு செய்தி அனுப்பும் முறையை 2004 முதல் நடத்தி வருகின்றது. இப்போது 375 மீட்டர் அளவு நுணுக்கமாகவே இடத்தைக் காட்ட முடிகின்றது. அச்செய்தி வனவரின் கைபேசிக்கு வருகின்றது என்று கொள்வோம். அது எத்தனை நிமிடத்தில் தீயணைப்பு நிலைய அலுவலரை எட்டும்? காட்டுப் பாதையின் வாயிற்கதவுச் சாவி இரவில் யார் கையில் இருக்கும்? தோட்டத்துக் குட்டையில் நீர் உண்டு. வண்டி அதன் கரை வரை இறங்கப் பாதை உண்டா? இரு துறையினரின் கம்பியில்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுமா? இவை எல்லாம் சிறு கேள்விகள். எந்தத் துறையின் ஆய்வுப் படிவத்திலும் இவை முழுமையாக இடம்பெறுவது கடினம், ஏனெனில் ஒவ்வொன்றின் பாதி விடை அடுத்த துறையில் இருக்கின்றது.

மாவட்ட எல்லையும் அத்தகையதே. இம்மலையின் வடசரிவு பொம்மிடி பக்கமாகத் தருமபுரி மாவட்டத்தை நோக்கி இறங்குகின்றது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வரை அப்பகுதியும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. ஆட்சி வசதிக்காகப் பிரித்தது நல்லதே. ஆனால் எல்லைக்கல்லைக் கண்டு தீ நின்றுவிடாது. எல்லையோரத்தில் புகை எழுந்தால், இந்த மாவட்டத்து வண்டி அருகிலா, அந்த மாவட்டத்து வண்டி அருகிலா என்பதைப் புகை எழுந்த பிறகா ஆராய்வது?

செயற்கைக்கோள் எந்நேரமும் நம் தலைக்கு மேல் நிற்பதில்லை. நாளில் சில முறையே கடந்து செல்கின்றது. இடைப்பட்ட நேரத்தில் மூண்ட தீயை முதலில் காண்பவர் மலையாளிப் பழங்குடி ஊர்களில் வாழ்பவரும் தோட்டத் தொழிலாளருமே. (மலையாளி என்பது இங்கே மலைவாழ் மக்களின் பெயர், கேரள நாட்டாரை அன்று.) பாதையும் காற்றின் போக்கும் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியா. ஆகவே மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். கூட்டம் முடிந்தபின் செய்தி சொல்லி அனுப்புவது போதாது.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இளையவர்கள் பெற்றோரிடம் கேட்டு அறியலாம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்ற இளைஞர்களும் இளம்பெண்களும் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊர்மக்களும், வனத்துறையினரும், தீயணைப்போரும், காவலரும், விமானப் படையினரும் அம்மலையில் உழைத்தனர். துணிவு குறைந்ததாக எவரும் கூற இயலாது. நான் எழுப்ப விரும்பும் வினா வேறு. தீக்காலத்தில் ஒரு மலைமேல் எத்தனை பேர், எந்தப் பாதையில் இருக்கின்றனர் என்று கேட்ட உடனே விடை தரும் பதிவு எங்கே இருக்கவேண்டும்? அதன் பிறகு மலையேற்றத்திற்கு அரசு விதிகள் வகுத்தது. அவ்விதிகள் ஏட்டில் உள்ளபடியே மலையடிவாரச் சோதனைச் சாவடியிலும் உள்ளனவா என்பதை யாரேனும் சென்று பார்க்கவேண்டும். அதற்குப் பெயர்தான் மதிப்பீடு.

பார்க்கும் முறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஆய்வு நாள் நெருங்கினால் சுவருக்குச் சுண்ணாம்பும், மாணவர்க்கு மனப்பாடமும் ஆகும் வேடிக்கையைப் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன். ஓர் ஆய்வாளர் மட்டும் வேறு மாதிரி. பதிவேட்டைத் திறவாமலே ஒரு சிறுவனை அழைத்து, “தம்பி, நீ தண்ணீர் குடிக்கும் இடத்தைக் காட்டு” என்று அவனுடன் நடந்து சென்றார். அரை மணி நேரத்தில் அப்பள்ளியைப் பற்றி அவர் அறிந்தது, ஆண்டறிக்கையில் இல்லாதது. மலையிலும் அவ்வாறே. முன்னறிவிப்பின்றி ஒரு நாள், “இன்ன வளைவுக்கு மேலே புகை” என்று ஒத்திகைச் செய்தி கொடுத்து, கையில் கடிகாரத்துடன் ஒருவர் நிற்கட்டும்.

மற்றொன்று. அமெரிக்கப் படையில் தோன்றி, பின்னர் அந்நாட்டுக் காட்டுத்தீப் படையினரும் மேற்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. பணி முடிந்த உடனே அனைவரும் வட்டமாக அமர்வர். கேள்விகள் நான்கே. என்ன செய்யத் திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அவ்வாறு நடந்தது? அடுத்த முறை என்ன செய்வோம்? அங்கே தலைவன் தவறும் பேசப்படும். புதிதாகச் சேர்ந்தவன் கண்டதும் கேட்கப்படும். 1949ஆம் ஆண்டு மாண்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் 13 பேர் மலைத்தீக்கு இரையான துயரம் அந்நாட்டினரை இத்தகைய சிந்தனைக்கு உந்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று. 1957இல் தீயணைப்போருக்குரிய பத்துக் கட்டளைகளை அவர்கள் வகுத்தனர்.

இந்த வட்டத்தில் பேசியதைக் கொண்டு ஒருவருடைய பதவி உயர்வை நிறுத்தலாகாது. வீரரின் உடற்பயிற்சி, கருவிப் பராமரிப்பு, ஒழுங்கு ஆகியவற்றை அவர் துறை தனியே மதிப்பிடட்டும். கூட்டு மதிப்பீடு வேறாக இருக்கட்டும். இரண்டையும் கலந்தால், “சாவி கிடைக்க முக்கால் மணி ஆயிற்று” என்று எந்த நிலைய அலுவலரும் வாய் திறக்கமாட்டார். அடுத்த ஆண்டும் முக்கால் மணி ஆகும்.

காலத்தையும் முன்கூட்டியே குறிக்கவேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரே மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர். சேலம், தருமபுரி ஆட்சியர் இருவரும் தை மாதத்தில், சருகு விழுமுன், ஒரு நாள் கூடினால் போதும். என்னென்ன கேட்கப்படும் என்பதை அன்று எழுதிக்கொள்ளலாம். மாசியில் ஒத்திகை. மழை இறங்கியபின் ஆனியில் நால்வினா. ஆள் பற்றாத துறைகளுக்கு இது மேலும் ஒரு சுமை அல்லவா என்பர். உண்மையே, ஆகவேதான் ஒரு தாளுக்குமேல் படிவம் கூடாது என்கிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடுகிறோம். 1944இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றிய ஒரு கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர் உயிர்நீத்தனர். அவ்வாரத்தில் உங்கள் பள்ளிக்கும் வண்டி வரக்கூடும். வீரர்கள் நுரை பீய்ச்சிக் காட்டுவார்கள், நீங்கள் கைதட்டுவீர்கள். தட்டி முடித்தபின் நிலைய அலுவலரை அணுகி மூன்றே கேள்விகள் கேளுங்கள். “ஐயா, எங்கள் பள்ளிக்கு நீங்கள் எத்தனை நிமிடத்தில் வருவீர்கள்? எந்த வழியாக வருவீர்கள்? இங்கே தண்ணீர் எங்கே எடுப்பீர்கள்?” விடைகளை நோட்டில் எழுதி, உங்கள் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.