ரசீது வேற, பாஸ் வேற

உலு திராம்ல இருந்து பேசுறேன். போன வாரம் இந்தியாவுல இருந்து வந்த மனைவிக்கு நீண்ட காலப் பாஸ் எடுக்குறதைப் பத்திப் பேசினேன் இல்லையா? அதுக்கு அப்புறம் வந்த செய்திகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "அண்ணே, மனு போட்டாச்சு, பதில் வரல. அதுக்குள்ள ஊருக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?"

மனு போட்ட ரசீது உங்களைத் திரும்ப உள்ள விடாது. கையில தேதி முடியாம இருக்கிற நீண்ட காலப் பாஸ்தான் விடும். போன வாரமும் இதைத்தான் சொன்னேன்.

என் தம்பி பொண்டாட்டி தஞ்சாவூர்ப் பொண்ணு. 2024ல மனு போட்டோம். வந்தப்போ கொடுத்த நாள் முடியப் போகுது, பதில் இன்னும் வரல. அதனால ஸ்பெஷல் பாஸ் கொடுத்தாங்க. பாஸ் காஸ்னு சொல்வாங்களே, அது. 100 வெள்ளி கட்டணம், ஒரு தடவைக்கு ஒரு மாசத்துக்கு மேல கிடையாது. நாட்டுக்குள்ள தங்குறதுக்கு மட்டும்தான் அது. எல்லையைத் தாண்டிட்டா அதோட சரி.

அந்த நேரம் பார்த்து ஊர்ல அவ அப்பா தவறிட்டாரு. அழுதுக்கிட்டு நிக்கிற பொண்ணுகிட்ட பாஸைப் பத்தி யாரு பேசுவா? ராத்திரியோட ராத்திரியா கேஎல்ஐஏவுக்கு ஓட்டிட்டுப் போய் திருச்சி விமானம் ஏத்திவிட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிச்சுத் திரும்பி வந்தா, சுத்திப் பாக்க வந்தவங்களுக்குக் கொடுக்குற மாதிரி 30 நாள். மனு மறுபடி முதல்லேருந்து. அப்பா முகத்தைப் பாக்கப் போனது தப்பே இல்ல. இன்னொரு தடவை நடந்தாலும் அனுப்பத்தான் செய்வேன். ஆனா, திரும்பி வந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சு அனுப்பியிருக்கணும். ஒரு வார்த்தை கேக்காம விட்டது எங்க தப்பு.

"இந்தியாக்காரங்களுக்கு இப்போ விசாவே வேணாமே"னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. 2023 டிசம்பர் 1லேருந்து அப்படித்தான். ஆனா அது 30 நாள் பாத்துட்டுப் போறதுக்கு, தம்பி. குடும்பம் நடத்துறதுக்கு இல்ல.

பிஆர் மனு போட்டுட்டுக் காத்திருக்கிற அக்காமார்கள் பயப்பட வேணாம். உங்களுக்கு நீண்ட காலப் பாஸ் தனியா ஓடிக்கிட்டு இருக்கு. அந்தத் தேதி, திரும்பி வர விசா, பாஸ்போர்ட்ல ஆறு மாசம், மூணும் சரியா இருந்தா போயிட்டு வாங்க. பிஆருக்கு அஞ்சு வருஷம் இங்கே தொடர்ந்து இருந்திருக்கணும்னு பாப்பாங்க. அதனால மாசக்கணக்குல ஊர்ல தங்கிடாதீங்க.

அடுத்தது நம்ம ஜொகூர்க்காரங்க வழக்கமா பண்றது: திருச்சிக்கு சாங்கிலேருந்து போனா பக்கம், டிக்கெட்டும் மலிவுன்னு கிளம்பிடுவோம். நமக்குச் சரி. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிற மனைவிக்கு சிங்கப்பூர் விசா வேணும். ஜேபி பக்கம் வெளியேறும் சாப் குத்தியாச்சு, உட்லண்ட்ஸ்ல விடலன்னா? ஸ்பெஷல் பாஸ்ல இருக்கிறவங்களா இருந்தா நினைச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு வேணாம்.

சிங்கப்பூர்ல வேலை பாக்குற கணவன்மார் தாராளமா போயிட்டு வரலாம். ஆனா குடிநுழைவு ஆபீஸ்ல கூப்பிடுற அன்னைக்கு லீவு போட்டுட்டு நேர்ல நிக்கணும், பொறுப்பாளர் நீங்கதான்.

ஒரு தங்கச்சி குரல் செய்தி அனுப்பியிருந்துச்சு. ஏழு மாசம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகணும்னு ஆசை, கையில ஸ்பெஷல் பாஸ். குரல் கேக்கும்போதே மனசு கஷ்டமா போச்சும்மா. இருந்தாலும் சொல்றேன், இந்தப் பிரசவத்தை இங்கேயே பாத்துக்கோ, அம்மாவை இங்கே வரச் சொல்லு. விசா இல்லாம 30 நாள் வரலாம்னு சொன்னேனே, அது அவங்களுக்குத்தான் உதவும். வர்றதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள எம்டிஏசிங்கிற இணைய வருகைப் படிவத்தை நீயே நிரப்பிக் கொடு. இல்ல, ஊர்லதான் பிரசவம்னு முடிவானா, குழந்தை பிறந்த ஒரு வருஷத்துக்குள்ள சென்னையில இருக்கிற மலேசியத் துணைத் தூதரகத்துல அப்பா பேர்ல பதிவு பண்ணிடுங்க. அதைத் தள்ளிப் போடவே கூடாது.

இந்த வாரம் டிக்கெட் வாங்கலாம்னு இருக்கிறவங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டையும் ரசீதையும் எடுத்துக்கிட்டு செத்தியா துரோப்பிக்கா குடிநுழைவு ஆபீசுக்கு ஒரு தடவை போங்க. "இப்போ வெளிய போனா என் மனு என்ன ஆகும்?"னு கவுண்டர்ல நேரா கேளுங்க. பதிலை எழுதி வச்சுக்கிட்டு, அப்புறம் டிக்கெட் வாங்குங்க.