விதியா? அலட்சியமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இதுபோன்ற மேடைகளில் நம்முடைய உரிமைகளைப் பற்றிப் பேசுவோம். அரசு எதைச் செய்யவில்லை, அதிகாரிகள் எங்கே தவறினார்கள் என்று கேள்வி கேட்போம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இன்று அந்தக் கேள்வியை நம் பக்கமே திருப்பப் போகிறேன். நம் கடையில், நம் வீட்டில், நம் கல்யாணப் பந்தலில் தீப்பிடித்தால் அதற்கு யார் பொறுப்பு?

கடைத்தெருவில் ஒரு கடை எரிந்துவிட்டால் மறுநாள் கூடி நின்று என்ன பேசுகிறோம்? 'கண் பட்டுவிட்டது' என்கிறார் ஒருவர். 'எல்லாம் விதி, நாம் என்ன செய்ய முடியும்?' என்கிறார் இன்னொருவர். 'ஷார்ட் சர்க்யூட்டாம்' என்று மூன்றாமவர் பேச்சை முடித்து வைக்கிறார். ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த ஒயர் ஒரே இரவிலா நைந்தது? நைந்த ஒயரை டேப் சுற்றி ஓட்டிக் கொண்டிருந்தது யார்?

என் கதை

நானும் ஒரு கடைக்காரன்தான். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஜவுளிக் கடை வைத்திருந்தேன். கீழே கடை, மேலே சரக்கு வைக்கும் அறை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பையன்கள் இரவில் அந்த மேல் அறையில்தான் படுப்பார்கள். ஒருநாள் இரவு கணக்கை முடித்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். கல்லாவுக்குக் கீழே கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஒரே கருகல் வாடை. சுருளின் சாம்பல் விழுந்து அட்டைப்பெட்டி எரிந்திருந்தது. பக்கத்திலிருந்த லுங்கிக் கட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகி ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு மேல் பரவாமல் அல்லாஹ் காப்பாற்றினான். பையன்களைக் கேட்டேன். 'ராத்திரி இருமல் வந்து எழுந்தோம் பாய், வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிட்டோம்' என்றார்கள்.

சகோதரர்களே! ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. சாவி என் வீட்டில் என் தலையணைக்கு அடியில் இருந்தது. அந்த லுங்கிக் கட்டு முழுவதும் பிடித்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? 'விதி' என்றா?

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. அலட்சியம் என்னுடையது, ஆனால் போயிருக்க வேண்டியது வேறொருவர் உயிர். தீ விபத்துகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கவனக்குறைவாக இருப்பவர் ஒருவர், எரிந்து போகிறவர் இன்னொருவர்.

விலை கொடுத்தவர்கள் யார்?

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியுமா? மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அதன் பிறகுதான் அதுபோன்ற காப்பகங்களை அரசு மூடியது. நோய் தீரும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து ஒப்படைத்த அமானிதங்கள் அவர்கள்! அவர்களைக் கொன்றதில் தீக்கு எவ்வளவு பங்கோ அதைவிட அதிகப் பங்கு சங்கிலிக்கு உண்டு. வேலையாட்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிற நம் ஷட்டருக்கும் அந்தச் சங்கிலிக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள்.

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 94 பிஞ்சுக் குழந்தைகள் கருகிப் போனார்கள். சமையற்கூடத்தின் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அடுப்புக்குப் பக்கத்தில் கீற்று இருக்கக் கூடாது என்பது படிக்காதவருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் செய்யவில்லை. விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள். மதுரையில் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கடை எரிந்தது. அணைக்கப் போன இடத்தில் கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். யாருடைய சரக்கையோ காப்பாற்றப் போனவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் திரும்பவில்லை.

2022 மார்ச் மாதம் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்து போனார்கள். இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீ உடம்பைத் தொடுவதற்கு முன்பே புகை ஆளைக் கொன்றுவிடுகிறது. தூங்குகிறவருக்கு அது வருவதே தெரியாது.

எலியைப் பற்றியும் சொன்னார்கள்

இதையெல்லாம் விதியின் மேல் போடலாமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் ஒரு வீடு இரவில் ஆட்களோடு எரிந்துபோன செய்தி இமாம் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. அந்தச் செய்தி நபியவர்களின் காதுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில்தான் சொன்னார்கள். இன்னொரு செய்தியில், எலி விளக்குத் திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டையே எரித்துவிடக் கூடும் என்று காரணத்தையும் விளக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். விதியை நம்பச் சொன்ன அதே நபி, தீ எப்படிப் பிடிக்கிறது, எலி எதை இழுக்கிறது என்பதுவரை சொல்லி, உன் கையால் அணை என்கிறார். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடுவது தவக்குல் ஆகாது; அது சோம்பேறித்தனம். இன்றைக்கு நம் வீடுகளில் திரிவிளக்கு இல்லை. ஆனால் செல்போன் சார்ஜர் இருக்கிறது, கேஸ் அடுப்பு இருக்கிறது, கொசுவர்த்தி இருக்கிறது. எலியும் இருக்கிறது. ஒயரின் ரப்பரைக் கடித்து வைக்கிறது!

கடையில் என்ன செய்கிறோம்?

வணிகச் சகோதரர்களே! அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம். ஃபியூஸ் கம்பி உருகிப் போவதற்காகவே வைக்கப்பட்டது. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது உருகி, ஒயரைக் காப்பாற்றும். அதை உருகாத கம்பியாக மாற்றிவிட்டால் சுவருக்குள் ஓடுகிற ஒயர் உருகும். ட்ரிப்பர் அடிக்கடி விழுந்தாலும் அப்படித்தான். ஏதோ கோளாறு இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் அதன் வாயை அடைக்கிறோம்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் மாட்டுகிறோம். பிளக் வாங்கக் காசு மிச்சம் பிடித்து, ஒயரின் நுனியைத் துளையில் விட்டுத் தீக்குச்சியைச் செருகி வைக்கிறோம். இணைப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் இளகும். அதன் பிறகு ஒரு பொறி போதும். லட்ச ரூபாய் சரக்கை ஒரு தீக்குச்சியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறோம்!

பெருநாள் வியாபாரம் வந்தால் போதும், பின்வாசல் வரை பெட்டிகளை அடுக்குகிறோம். தீயணைப்பான் எங்கே என்று கேட்டால் 'அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும்' என்கிறோம். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்? வேலையாட்களுக்கு அதை இயக்கத் தெரியுமா? பின்னை இழுக்க வேண்டும், குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடிக்க வேண்டும், கைப்பிடியை அழுத்தி இரண்டு பக்கமும் வீசி அடிக்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் சிறிய தீயணைப்பான் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். தீ மேல் தளத்தைத் தொட்டுவிட்டால் சரக்கை மறந்துவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். 101-க்கோ 112-க்கோ பேசுங்கள்.

சட்டமும் இதை விதி என்று விட்டுவிடுவதில்லை. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

வீட்டிலும் பந்தலிலும்

கேஸ் அடுப்பு பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ரமளானில் சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு அடுப்பைப் பற்ற வைப்பது உங்கள் தாயும் மனைவியும்தான். முந்தின இரவு ரெகுலேட்டரை மூடினோமா என்று நீங்கள் ஒருமுறையாவது பார்த்ததுண்டா? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். பிறகு வெளியே நின்று 1906-க்குப் பேசுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அடியில் இறங்கி ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை முகத்தில் வீசிவிடும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் சட்டியை மூடுங்கள். காற்று இல்லாமல் தீ செத்துப் போகும்.

உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் பற்பசை, மை, மாவு எதையும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

நம் கல்யாணங்களைப் பாருங்கள். பந்தலுக்குப் பக்கத்திலேயே பிரியாணி. தம் போட மூடியின் மேல் கங்கைக் கொட்டுகிறார்கள். சாப்பாடு இறங்கியதும் அந்தக் கங்கு எங்கே போகிறது? பந்தல் ஓரத்தில்! காற்றடித்தால் என்ன ஆகும்? நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்களிலும் சிலிண்டர் அடுப்பை ஒட்டியே நிற்கிறது. சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் சட்டியோடு நிற்கிறார்கள். அடுப்படியையும் பந்தலையும் பிரித்து வையுங்கள். சிலிண்டரை அடுப்பிலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள். தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். அணைந்ததா என்று பார்ப்பதற்கென்றே ஒரு ஆளை நியமியுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் அது யாருடைய பொறுப்பும் இல்லை என்றாகிவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

எங்கே விபத்து நடந்தாலும் ஆம்புலன்ஸோடு முதலில் ஓடி வருகிறவர்களில் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். இரத்தம் கொடுக்கிறீர்கள், ஜனாஸாவைத் தூக்குகிறீர்கள். அல்லாஹ் அதற்கு நற்கூலி தருவான். ஆனால் விபத்துக்குப் பிறகு ஓடுகிற அந்தக் கால்கள் விபத்துக்கு முன்னால் ஒருமுறை கடைத்தெருவில் நடக்கட்டும். தெருவுக்கு நாலு பேர், கூட ஒரு எலக்ட்ரீஷியன். கடை கடையாக ஏறி மெயின் பெட்டியைப் பாருங்கள், பின்வாசலைப் பாருங்கள், தீயணைப்பானைப் பாருங்கள். முஸ்லிம் கடை, மற்றவர் கடை என்று பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த கடைகளுக்கு இடையே ஒரே சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டும் தீ யாருடைய பெயரையும் கேட்பதில்லை.

கடைக்காரச் சகோதரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் கடையில் யாராவது இரவு தங்குகிறார்களா? முதலில் அவர்களுக்கு வேறு இடம் பாருங்கள். அதுவரை உள்ளே இருந்து திறக்கிற வழி ஒன்று இருக்கட்டும்; அதன் சாவி அவர்கள் கையில் இருக்கட்டும். 'சரக்கு போய்விடுமே' என்று பயப்படுகிறீர்கள். நம்பி சரக்கை ஒப்படைக்க முடியாத ஆளை உயிரோடு பூட்டி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை!

இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் படுப்பதற்கு முன்னால் ஒருமுறை எழுந்து நடந்து பாருங்கள். ரெகுலேட்டர், சார்ஜர், கொசுவர்த்தி. இரண்டு நிமிடம் போதும். பிறகு உங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். அதில் இன்னொருவருடைய உயிரின் சாவி இருந்தால், இன்றிரவே போய்க் கொடுத்துவிட்டு வந்து தூங்குங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! வஸ்ஸலாம்.