வெள்ளியா, ஈயமா?



'கார்ட்டெல்' என்பது வணிகத்துறையில் வழங்கும் ஒரு சொல். போட்டியை ஒழித்து, விலையைத் தம் விருப்பம்போல் வகுத்துக்கொள்ள வணிகர்கள் கூடிச் செய்யும் உடன்படிக்கைக்கு அப்பெயர். போதைப்பொருள் கூட்டத்தாரும் வணிகர்களே. ஆயினும் வழக்கு நேர்ந்தால் நீதிமன்றம் செல்லும் வழி அவர்களுக்கு இல்லை. ஆகவே பணமும் துப்பாக்கியுமே அவர்களுடைய சட்டம். "வெள்ளியா, ஈயமா?" என்பது கொலம்பியா நாட்டில் அதிகாரிகளின் முன் அவர்கள் வைத்த கேள்வி. வெள்ளி என்பது கையூட்டு. ஈயம் என்பது துப்பாக்கிக் குண்டு.

1984 மார்ச்சில் அந்நாட்டுக் காவல்துறையினர், காட்டின் நடுவே நடைபெற்றுவந்த பெரும் கொக்கெயின் தொழிற்கூடம் ஒன்றைக் கைப்பற்றினர். அக்கூட்டத்தாரை வெளிப்படையாக எதிர்த்துநின்ற நீதியமைச்சர் ரொட்ரிகோ லாரா பொனில்லா, ஏப்ரல் 30ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1986இல் பத்திரிகை ஆசிரியர் கில்லெர்மோ கானோ பலியானார். 1989 ஆகஸ்டில் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற லூயிஸ் கார்லோஸ் கலான் வீழ்ந்தார். முதலில் எதிர்த்தவர்களே இலக்காயினர். பின்னர் அந்த வேறுபாடும் அற்றுப்போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் பயணிகள் விமானம் ஒன்று வானிலேயே வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 107 பேரும் மாண்டனர். குறிவைக்கப்பட்ட வேட்பாளர் சேசர் கவிரியாவோ அவ்விமானத்தில் ஏறவே இல்லை.

இத்தனைக்கும் நோக்கம் என்ன? தங்களை அமெரிக்காவுக்கு நாடுகடத்தலாகாது என்பதே. 1991இல் கொலம்பியாவின் புதிய அரசியலமைப்பை வகுத்த மன்றம் நாடுகடத்தலைத் தடைசெய்ய வாக்களித்தது. கூட்டத்தின் தலைவன் பாப்லோ எஸ்கோபார் அதன் பின்னரே சரணடைந்தான். அச்சம் ஒரு நாட்டின் அரசியலமைப்பு வரை எட்டிவிட்டது. அத்தடையை நீக்க 1997 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இது ஏதோ தொலைதூர நாட்டுக் கதை என்று எண்ணவேண்டா. 2025 பிப்ரவரி 19ஆம் நாள் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், வழக்கறிஞர் வேடத்தில் நுழைந்த ஒருவன், விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பாதாள உலகத் தலைவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி மறைந்திருந்த இடம், தாள்களைக் குடைந்தெடுத்த சட்டப் புத்தகம்!

இனி உப்பலுக்கு வருவோம். 2025 செப்டம்பரில் மகாராஷ்டிரக் காவல்துறையினர், உப்பலுக்கு அண்மையிலுள்ள செர்லப்பள்ளித் தொழிற்பேட்டையில் சோதனை நடத்தி, மெஃபெட்ரோன் என்னும் போதைப்பொருள் தயாரித்த கூடத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். மும்பையை அடுத்த மீரா ரோட்டில் பிடிபட்ட சிறு அளவு சரக்கின் தடம், அவர்களை இவ்வளவு தூரம் அழைத்துவந்தது. செர்லப்பள்ளியைக் கொலம்பியாவோடு ஒப்பிடுவது மிகையாகும். ஆனால் ஈயத்தின் காலத்திற்கு முன்னே வெள்ளியின் காலம் ஒன்று உண்டு என்பதை மறக்கலாகாது. கேள்வி கேளாத வாடகை, கேள்வி கேளாத கூலி, பாராமுகம் ஆகியவற்றில் அது வளர்கிறது. அந்நிலையில் தடுப்பது எளிது. அதைக் கடந்தால் உயிர்களையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ஊருக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்குமாறு ஒருவர் கேட்டால், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் கைநீட்டலாகாது. தகுதிக்கு மீறிய கூலி தந்து, செய்பொருளின் பெயரைச் சொல்ல மறுக்கும் பட்டறையை விட்டு விலகுவதே அறிவு. பெயரை வெளியிடாமல் தகவல் தருவதற்கு மத்திய அரசு 2024இல் 1933 என்னும் தொலைபேசி எண்ணை ஏற்படுத்தியுள்ளது. குடும்பத்தில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருப்பின், அதை மறைத்தல் நன்றன்று. சிறிதளவு பொருள் வைத்திருந்த குற்றத்திற்கு ஆளானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழிசெய்கிறது.

வெள்ளியை மறுக்கும் குடிமக்கள் பலராயின், ஈயத்திற்கு அஞ்சவேண்டிய நாள் அவர்களுக்கு வாராது.