பன்னிரண்டு வயதில் பெரியவர்

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் மாதப் பணம் வழங்கும் ஏட்டில் மூன்று வகை மனிதர்கள்தான் உண்டு: குடும்பத் தலைவர், மற்றப் பெரியவர்கள், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். 2021-ல் உயர்த்திய கணக்குப்படி தலைவருக்கு 1,500 ரூபாய், பெரியவருக்கு 1,000, சிறுவருக்கு 500. பன்னிரண்டு நிறைந்ததும் பிள்ளையின் பெயருக்கு நேரே உள்ள தொகை இரட்டிப்பாகிறது. கையிருப்பு இல்லாத வீட்டுக்கு அது நல்ல சேதி. ஏழாம் வகுப்புப் பிள்ளை அன்றிலிருந்து ஏட்டில் பெரியவர்.

அந்த ஏட்டை வகுத்தவர்கள் மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை; வளர்கிற வயிற்றுக்குக் கூடுதல் பங்கு என்பது நியாயமான கணக்கு. ஆனாலும், இலங்கைப் போர் ஓய்ந்த பிறகு குழந்தைமை எந்த வழியாக வெளியேறுகிறது என்று தேடுகிறவர்கள் குண்டு விழுந்த படங்களை வைத்துவிட்டு இந்த ஏட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் தாண்டித் தமிழ்நாடு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். 2021-ல் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். தேனி மாவட்டத்திலும் முகாம் உண்டு. இன்று முகாம்களிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கே பிறந்தவர்கள். ஷெல் சத்தம் அவர்களுக்குப் பாட்டி சொல்லும் கதை. முகாமின் பதிவும் அனுமதியும் ஆள் சரிபார்ப்பும் அப்படியல்ல, கண்ணெதிரே நடப்பவை.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய ஆனா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் ஷெல் சத்தத்தைவிட வீட்டார் படும் பாடே பிள்ளையைத் தொடுகிறது என்பதற்கு நெருங்கிய ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். குண்டுவீச்சை நேரில் பார்த்த பிள்ளைகளைவிட, தாயைப் பிரிந்த பிள்ளைகளே அதிகம் குலைந்துபோனார்கள். தாய் பதறாமல் இருந்தால் பிள்ளையும் ஓரளவு தாங்கியது. கட்டடம் இடிவதைவிடக் குடும்பம் உடைவதுதான் பிள்ளைக்குப் பெரிய சேதம் என்று அவர்கள் 1940-களிலேயே எழுதிவைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றிய தயா சோமசுந்தரம் இன்னும் ஒரு படி போகிறார்: போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் அவற்றுக்குள்ளிருந்த நம்பிக்கையையும் சேர்த்தே குலைக்கிறது. அப்படிப் பார்த்தால் பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்புவது பாதி வைத்தியம்.

2009 மே மாதம் இலங்கையின் வன்னியில், முள்ளிவாய்க்காலில், போர் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். விடுதலைப் புலிகளின் படையிலிருந்து வந்த 594 சிறுவர் சிறுமியர் அம்பேபுஸ்ஸ, இரத்மலானை இந்துக் கல்லூரி உள்ளிட்ட மறுவாழ்வு மையங்களில் வைக்கப்பட்டு, 2010 மே மாதத்துக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். துப்பாக்கி தூக்கிய கையில் பாடப் புத்தகத்தைக் கொடுத்தது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் திரும்பிப் போனது வேறொரு ஊருக்கு. முன்பு பிள்ளையைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனவர்களைச் சபித்த அண்டை வீட்டாரும், இப்போது கண்காணிக்கிற புலனாய்வுக்காரர்களும் ஒரே தெருவில். அங்கே பதினாறு வயதுப் பிள்ளை முதலில் கற்ற பாடம், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொரு வகை முதிர்ச்சி கிளிநொச்சியில் தெரிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று கந்தசாமி கோயிலருகே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். போரின் கடைசி நாளில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளோடு இராணுவத்திடம் சரணடைந்தவர்கள் எங்கே என்பது அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. அப்படியொரு குடும்பத்தில் வளர்கிற பேரப்பிள்ளை, பார்த்தே இராத மாமனின் படத்தைத் தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. படத்திலிருப்பவருக்கு வயது ஏறவில்லை; படத்தைத் தூக்குகிற பிள்ளைக்கு ஏறுகிறது.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது: நீ முகாமில் பிறந்து தத்தெடுக்கப்பட்டவள். சினிமாவுக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு அழுகை வேண்டும். நிஜத்தில் அப்படி உட்காரவைத்துச் சொல்லுகிற நாள் வாய்ப்பது அரிது. முகாமில், பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போன அப்பா ஆள் சரிபார்ப்பு நாளுக்குள் வந்து சேருவாரா என்று அம்மா வாசலைப் பார்க்கிறாள். அம்மாவுக்கு எழுத்து சிரமம் என்றால் விண்ணப்பத்தைப் பிள்ளை நிரப்புகிறது. தேதி, பதிவு எண், வந்த ஆண்டு, வந்த படகுத்துறை. தான் பிறப்பதற்கு முன் நடந்ததையெல்லாம் அது பிசகாமல் எழுதுகிறது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு இது முழுக்க அந்நியமான கதையா? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது கேரளத்தின் இடுக்கியிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு இறங்கி வந்தார்கள். அதைப் போர் என்று சொன்னால் மிகை. முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. ஆனால் நேற்றுவரை பழகிய ஊர் ஒரே வாரத்தில் பயப்படவேண்டிய ஊராக மாறுவதை அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். முகாம் பிள்ளையின் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் ‘அகதிப் பசங்க எழுந்திரிங்க’ என்று உதவித்தொகைக்காகக் கூப்பிடுவதும் ஒரு வகைத் தலை எண்ணிக்கைதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உதவித்தொகை வந்து சேரும்.

2021 ஆகஸ்டில் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அறிவித்தது. எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்புக்காக நெடுங்காலம் உழைத்திருக்கிறது. பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். பட்டம் வாங்கியதும் முட்டுகிற சுவர்தான் அப்படியே நிற்கிறது.

அந்தச் சுவரின் பெயர் குடியுரிமை; அதற்குத் தேதி உண்டு. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைக் குறிப்பிட்டு இலங்கையை விட்டுவிட்டது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் திருச்சியில் முதல்முறையாக வாக்களித்தார். அவரோடு ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்து, பெற்றோர் இருவரும் இலங்கையராக இருந்து, 1987 ஆகஸ்டில் பிறந்தவர் அதே வழக்கைப் போட முடியாது.